பிள்ளைகளுக்குக் கிட்ட, தன் கூரைக்குக் கீழ்

வயது போன தாய் யாரோடு இருப்பது என்ற கேள்வி எழாத குடும்பம் இல்லை. எமது பகுதிகளில் இதற்கு இரண்டு விடைகளே பெரும்பாலும் காதில் விழுகின்றன. மகளோடு இருப்பது ஒன்று. தனியே கிடப்பது மற்றொன்று. மகளோடு இருந்தால் மருமகனின் முகம் பார்த்து நடக்க வேண்டும். தனியே கிடந்தால் இரவில் நெஞ்சு நொந்தாலும் எழுப்ப ஆளில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு வழியைக் கண்டுகொண்ட சிலரைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. அவர்கள் வாழ்வது ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில். அவர்களது வீடு ஒரு பாய்ப்படகு. குளிர்காலம் வந்ததும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டு, நான்கைந்து மாதம் அவசரமில்லாமல் இருந்துவிட்டு, வெயில் ஏறத் திரும்பிப் போய்விடுகின்றார்கள்.

காசுள்ள வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு எமக்கெதற்கு என்று வாசகியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படகை விட்டுவிட்டு அந்தப் படகுக்குள் இருக்கும் பெண்ணைப் பார்த்தால், எமக்குப் பழக்கமான சில விடயங்கள் அங்கேயும் இருக்கின்றன.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் கடுமையானது. பொஸ்டன் போன்ற நகரங்களில் ஜனவரி மாதத்தில் துறைமுகத் தண்ணீரே சில வேளைகளில் உறைந்து போகும். அங்கும் படகிலேயே குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் உண்டு. படகு முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் உறையால் மூடி, பனிக்கட்டி படகை நெரிக்காமல் இருக்கத் தண்ணீருக்கடியில் ஒரு சிறு இயந்திரத்தை ஓட விட்டு, உள்ளே சூடேற்றியை வைத்துக்கொண்டு இருக்கின்றார்கள். குளிரை விட அவர்களுக்குப் பெரிய தொல்லை ஈரம். மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராக வழியும். மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரே அறைக்குள் அடுப்பும் படுக்கையுமாக மழைக்காலத்தைக் கழித்த எவருக்கும் இதனை விளக்கத் தேவையில்லை.

ஆகவே இயன்றவர்கள் தெற்கே புளோரிடாவுக்கு இறங்கி விடுகின்றார்கள். வெர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரிலிருந்து மயாமி வரை, பெருங்கடலுக்குள் போகாமலே ஆறுகள், களப்புகள், வெட்டிய கால்வாய்கள் ஊடாகப் போகக்கூடிய ஒரு நீர்வழி உண்டு. நீளம் சுமார் 1,750 கிலோமீற்றர். புத்தளம் களப்பையும் மட்டக்களப்பு வாவியையும் தெரிந்தவர்கள் அந்தத் தண்ணீரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் நிலம், மறுபக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். வழியில் குறுக்கிடும் நிரந்தரப் பாலங்களில் அனேகமானவை 65 அடி உயரமானவை. அதைவிட உயர்ந்த பாய்மரம் உள்ள படகு வெளிக்கடலால்தான் போக வேண்டும். பகலில் மட்டும் ஓடி இரவில் நங்கூரமிட்டுப் போகின்ற வயோதிபத் தம்பதியருக்கு இந்தப் பயணம் வாரக்கணக்கில் எடுக்கும். அவசரப்படுவதற்குக் காரணமும் இல்லை.

புறப்படும் காலத்தைச் சூறாவளிதான் தீர்மானிக்கின்றது. அத்திலாந்திக் சூறாவளிக் காலம் ஜூன் முதலாம் திகதி தொடங்கி நவம்பர் 30 இல் முடிகின்றது. அது ஓயும் தறுவாயில்தான் பெரும்பாலான படகுகள் தெற்கு நோக்கித் திரும்புகின்றன.

இனிப் படகைப் பார்ப்போம். இவ்வாறு இருவர் வாழும் பாய்ப்படகு வழக்கமாக 30 முதல் 40 அடி நீளமானது. எமது மீன்பிடி வள்ளங்களைப் போல் திறந்ததல்ல. தளத்துக்குக் கீழே அறை உண்டு. முன்பக்கத்தில் கூம்பாக ஒடுங்கும் படுக்கை. நடுவில் ஒரு மேசையும் இருபுறமும் நீள இருக்கைகளும். மேசையை இறக்கினால் அதுவும் படுக்கையாகும். படியடியில் குசினி. அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்கும், படகு சாய்ந்தாலும் பானை சாயாது. அலுமாரி, பெட்டி, மலசலகூடம் எல்லாமே கையெட்டும் தூரத்தில். ஒருவர் எழும்பினால் மற்றவர் விலகி வழிவிட வேண்டும்.

தண்ணீர் ஒரு தாங்கிக்குள் இருக்கின்றது. சில நூறு லீற்றர்தான். அது முடிந்தால் கான்களில் சுமந்து வர வேண்டும். அதனால் பாத்திரத்தை முதலில் கடல்நீரில் கழுவி, கடைசியாக மட்டும் நன்னீரில் அலசுவது பலரது வழக்கம். குளிப்பதற்கு ஒரு கறுப்புப் பையில் தண்ணீரை நிரப்பி வெயிலில் போட்டு வைப்பார்கள். பின்னேரம் அது இளஞ்சூடாக இருக்கும். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்தும் பற்றரியிலிருந்தும் வருகின்றது. இரண்டு நாள் முகில் மூட்டமாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்த நேரிடும். கழிவு நீரைக் கரையோரக் கடலில் விடுவது சட்டப்படி தடை. எனவே அது படகிலுள்ள தாங்கியில் சேர்ந்து, உறிஞ்சும் வள்ளம் வரும்போது அகற்றப்படுகின்றது.

காஸ் சிலிண்டர் பற்றி ஒரு வார்த்தை. இது எமது வீடுகளுக்கும் பயன்படும். சமையல் வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தாழ்ந்த இடத்தில் போய்த் தங்கும். படகில் அது அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறி பட்டால் படகே வெடிக்கும். அதனால் சிலிண்டரைத் தனிப் பெட்டியில் வைத்து, அதன் அடியில் வெளியே போகும் ஓட்டை விட்டிருப்பார்கள். வீட்டில் காஸ் மணம் வந்தால் மேல் யன்னலை மட்டும் திறந்தால் போதாது. வாசற்கதவைத் திறக்க வேண்டும். மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

இந்தச் சின்ன வீட்டை எங்கே கட்டி வைப்பது? புளோரிடாவின் கிழக்குக் கரையில் வேரோ பீச் என்றொரு சிறு நகரம் உண்டு. அதன் நகரசபைப் படகுத்துறையில் படகுகளைக் கட்டுவதற்கு மிதவைகள் போடப்பட்டுள்ளன. சன நெருக்கமான நாட்களில் ஒரே மிதவையில் இரண்டு மூன்று படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும். முன்பின் அறியாதவர்கள் ஒரே இரவில் சுவரொட்டிய அயலவர் ஆகிவிடுகின்றனர். இன்னும் தெற்கே, புளோரிடா தீவுத்தொடரில் உள்ள மரத்தன் என்ற ஊரின் துறையில் இருநூறுக்கும் மேற்பட்ட மிதவைகள் உள்ளன. குளிர்காலத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஜனவரியிலும் அங்கே வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். காலையில் எல்லாப் படகுகளும் தங்கள் சிறு வானொலிக் கருவியை ஒரே அலைவரிசைக்குத் திருப்புகின்றன. யார் புதிதாக வந்தார், யார் புறப்படுகின்றார், யாரிடம் பழைய கயிறு இருக்கின்றது, யாருக்கு மருந்துக்கடைக்குப் போக வாகனம் வேண்டும் என்பதெல்லாம் அதில் கதைக்கப்படும். குழாயடியிலும் கிணற்றடியிலும் நாம் செய்வதை அவர்கள் வானொலியில் செய்கின்றார்கள்.

இப்போது குடும்பத்துக்கு வருவோம்.

ஒரு மகள் அந்தக் கரையோர ஊர்களில் ஒன்றில் வேலை செய்து, இரண்டு பிள்ளைகளை வளர்க்கின்றாள் என வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் தாயும் தந்தையும் படகில் வந்து சேருகின்றார்கள். மகள் வீட்டில் அறை ஒழிக்கத் தேவையில்லை. மருமகனின் மேசையை வெளியே தூக்கி வைக்கத் தேவையில்லை. கிழமையில் இரண்டு நாள் அம்மம்மா சிறுவள்ளத்தில் கரைக்கு வந்து, பேரப்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டி வந்து, சாப்பாடு கொடுத்து, பொழுதுபட முன் தன் படகுக்குத் திரும்பி விடுகின்றார். சனிக்கிழமை பேரப்பிள்ளைகள் படகுக்கு வருவார்கள். தூண்டில் போடுவார்கள், முடிச்சுப் போடப் பழகுவார்கள், இரவு மேசைப் படுக்கையில் உறங்குவார்கள். நத்தாருக்கு எல்லோரும் மகள் வீட்டில். மறுநாள் காலை அவரவர் தேநீர் அவரவர் கோப்பையில்.

சமூகவியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய ஆய்வு ஞாபகத்துக்கு வரும். வியன்னா நகரின் முதியோரை ஆராய்ந்த லியோபோல்ட் ரோசன்மயர், ஏவா கொக்கைஸ் என்ற இருவரும் 1963 இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பதை அல்ல, பிள்ளைகளுக்குக் கிட்ட, தமக்கென்றொரு வீட்டில் இருப்பதையே முதியோர் பலர் விரும்புகின்றனர் என்பது அவர்கள் கண்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் 'தூரத்தில் நெருக்கம்' எனலாம். தள்ளி இருப்பதால் பாசம் குறைகின்றது என்ற பொது எண்ணத்துக்கு இது எதிரானது. ஒரு கதவு இடையில் இருப்பதால்தான் சில தாய்மாரும் மகள்மாரும் சண்டையின்றி இருக்கின்றார்கள் என்பதை வெளிக்களத்தில் நானும் பார்த்திருக்கின்றேன்.

இதனை மேலைத்தேயத்துக் கண்டுபிடிப்பு என்று சொல்லவும் முடியாது. எமது கிழக்குக் கரையில், மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில், மகளுக்குக் கலியாணம் ஆகும்போது வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிப் போவது நீண்டகால வழக்கம். ஒரே வளவு, இரண்டு அடுப்பு. அந்த இரண்டாவது அடுப்பின் அருமை போருக்குப் பின்னர்தான் பலருக்கு விளங்கியது. வீடு போய், வளவு போய், திரும்பி வந்து அரசோ நிறுவனமோ கட்டிக் கொடுத்த ஒற்றை வீட்டில் மூன்று தலைமுறை ஒன்றாக இருக்க நேர்ந்தபோது, கணவனை இழந்த தாய்க்கு விறாந்தையின் ஒரு மூலைதான் மிஞ்சியது. அவர் அந்த வீட்டில் இருக்கின்றாரா, தங்கியிருக்கின்றாரா என்பது ஒருவருக்கும் தெளிவில்லை, அவருக்கும்கூட.

ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் இந்தப் படகு வீடுகளின் படங்கள் சிலவற்றைக் காட்டினேன். கடலையும் பாயையும் பார்த்து ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தேன். வன்னியில் பல இடங்களுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் நலன்புரி நிலையத்துத் தறப்பாள் கொட்டிலிலும் இருந்து வந்த ஓர் அம்மா கேட்ட முதற்கேள்வி வேறு. அந்தப் படகின் கதவுக்குக் கொளுக்கி உள்பக்கமா, வெளிப்பக்கமா என்பதே அது. இரண்டு பக்கமும் பூட்டலாம் என்றேன். அப்படியென்றால் அது வீடுதான் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பித் தந்தார்.

சின்ன இடம், அளந்த தண்ணீர், ஒற்றை அடுப்பு, ஈரப் படுக்கை. பட்டியல் போட்டால் படகுக்கும் கொட்டிலுக்கும் வித்தியாசம் குறைவு. ஆனால் படகுக்காரி அந்த இடத்தைத் தானே தெரிவு செய்தாள். பிடிக்காவிட்டால் நங்கூரத்தைத் தூக்கலாம். திறப்பு அவளிடம் இருக்கின்றது. கொட்டிலில் இருந்தவளிடம் இந்த மூன்றுமே இருக்கவில்லை. இடம் சின்னது என்பதற்காக எவரும் சிறுமைப்படுவதில்லை என்றே நான் நினைக்கின்றேன்.

அமெரிக்கப் படகுகளிலும் எல்லாப் பெண்களுக்கும் திறப்புக் கையில் இல்லை. படகில் ஆணின் வேலைகளை 'நீல வேலை' என்றும் பெண்ணின் வேலைகளை 'இளஞ்சிவப்பு வேலை' என்றும் அவர்கள் பகிடியாகப் பிரிப்பதுண்டு. இயந்திரம், நங்கூரம், பற்றரி நீலம். சமையல், சலவை, சாமான் வாங்குவது இளஞ்சிவப்பு. பகிடி ஒரு நாள் வினையாகலாம். கணவர் மயங்கி விழுந்தால் இயந்திரத்தை எப்படி இயக்குவது, உதவிக்கு எப்படி வானொலியில் அழைப்பது என்று தெரியாமல் மனைவி நிற்பாள். இதற்காகவே பெண்களுக்கென்று தனியான படகோட்டும் வகுப்புகள் அங்கே நடத்தப்படுகின்றன. கணவன் பக்கத்தில் நின்றால் மனைவி சுக்கானைப் பிடிக்க விடமாட்டான் என்பது அங்கேயும் அனுபவம் போலும்!

இவ்விடத்தில் ஆன் டேவிசன் என்ற ஆங்கிலப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1949 இல் அவரும் கணவரும் சென்ற படகு இங்கிலாந்தின் தென்கரையில் பாறையில் மோதி உடைந்து, கணவர் இறந்தார். ஆன் மட்டும் கரை சேர்ந்தார். அந்தக் கடலையே வெறுத்து ஒதுங்கியிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ படகோட்ட முறையாகப் பயிற்சி பெற்று, 23 அடி நீளமான சிறு படகொன்றில் 1952 மே மாதம் பிளைமவுத் துறையிலிருந்து தனியே புறப்பட்டார். பல துறைகளில் தங்கித் தங்கி, 1953 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிக்காவை அடைந்தார். அத்திலாந்திக் பெருங்கடலைத் தனியே படகில் கடந்த முதற்பெண் அவரே. பின்னர் மறுமணம் செய்து புளோரிடாவிலேயே குடியிருந்தார். கணவனை இழந்த பெண் என்ற அடையாளத்துக்கு அப்பால் ஒரு வாழ்க்கை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதே எனக்குப் பிடித்தது.

செலவு பற்றியும் கதைக்க வேண்டும். பழைய பாய்ப்படகொன்றை அங்கே ஒரு பாவித்த காரின் விலைக்கு வாங்க முடியும். வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் செலவு. படகு என்பது தண்ணீரில் உள்ள ஒரு குழி, அதற்குள் காசைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று படகுக்காரர் தாமே சொல்லிச் சிரிப்பார்கள். பாய் கிழியும், கயிறு நையும், அடிப்பக்கத்தில் சிப்பி ஒட்டும். ஆனி ஹில் என்ற பெண் 1993 இல் வெளியிட்ட நூலொன்றில், சொற்ப வருமானத்தில் படகில் வாழ்வது எவ்வாறு என்பதைக் கணக்கு வழக்கோடு எழுதினார். சாப்பாட்டை மொத்தமாக வாங்குவது, தேவையற்ற இயந்திரங்களைத் தவிர்ப்பது, துறைமுகக் கட்டணம் இல்லாத இடத்தில் நங்கூரமிடுவது என்று அவர் சொன்னவை சிக்கனக் குடும்பம் நடத்தும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்தவைதாம்.

அழகான பக்கத்தை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். மரத்தன் துறையில் குளிர்காலத்துக்கு வந்து போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே, வருடம் முழுவதும் படகில் இருப்பவர்களும் உள்ளனர். உணவகத்திலும் விடுதியிலும் வேலை செய்பவர்கள், ஓய்வூதியம் போதாதவர்கள். தீவுத்தொடரில் தரையில் ஒரு வீட்டு வாடகை அவர்களது சம்பளத்துக்கு எட்டாது. பழைய படகே அவர்களது ஒரே கூரை. 2017 செப்ரெம்பர் 10 ஆம் திகதி 'இர்மா' சூறாவளி அந்தத் தீவுத்தொடரைத் தாக்கியபோது குளிர்கால விருந்தாளிகள் பலர் ஏற்கெனவே வடக்கே போயிருந்தார்கள். போக வழியில்லாதவர்களின் படகுகள் கரையிலும் கண்டல்களுக்குள்ளும் குவிந்து கிடந்தன. ஒரே துறை, ஒரே மாதிரியான படகுகள்தான். ஒருவருக்கு அது ஓய்வு, மற்றவருக்கு அது கடைசிப் புகலிடம். 2004 டிசம்பரில் கடல் வந்த நாளை எமது கரையோரத்தில் கழித்தவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விபரிக்க வேண்டியதில்லை.

படகு எல்லா வயதுக்கும் உரியதுமல்ல. ஆடும் சிறுவள்ளத்திலிருந்து படகின் ஏணியில் கால் வைக்க முழங்கால் இடங்கொடுக்க வேண்டும். இரவு காற்றுத் திசைமாறி நங்கூரம் இழுபட்டால் எழுந்து மேலே போக வேண்டும். ஒரு குளிர்காலம் வரும், அப்போது இவை இயலாமற் போகும். அதன்பின் படகை விற்று, மகள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சிறு வீட்டையோ அறையையோ சிலர் எடுக்கின்றனர். சிலர் மகளோடேயே சேர்கின்றனர். அதுவரை கழிந்த குளிர்காலங்களில் இரு தரப்பும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள்.

எமது வாசகியருக்கு இங்கே ஒரு சட்ட விபரம். மகளுக்கு வீட்டைச் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதும்போது, தான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தாய் தனக்கென ஒதுக்கி வைத்து உறுதி முடிக்கலாம். இதனைச் சீவிய உருத்து என்பார்கள். நொத்தாரிசிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேளாவிட்டால் பலர் எழுதுவதில்லை. இப்படிக் கேட்பது மகளை நம்பாதது போலாகும் என்று கூச்சப்படுகின்றவர்கள் அதிகம். கூச்சப்பட்டவர்கள் சிலரைப் பின்னர் நான் விறாந்தையில் சந்தித்திருக்கின்றேன். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் மனமுடைய வேண்டாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட முடியாது. பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கு அச்சட்டத்தின் கீழ் ஒரு சபையும் உண்டு. விபரங்களைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

புளோரிடாவில் மார்ச் கழிந்து ஏப்ரல் பிறந்ததும் துறைகளில் வேலை தொடங்கிவிடும். தண்ணீர்த் தாங்கி நிரப்பப்படும், அரிசி, மா, தகரமீன் அடுக்கப்படும், பாய்களில் தையல் போடப்படும். ஜூன் முதலாம் திகதிக்குள் சூறாவளி வரக்கூடிய பகுதியை விட்டு வடக்கே போயிருக்க வேண்டும் என்று பல காப்புறுதி நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. போகும் திகதி முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மகளும் மருமகனும் அந்தக் கடைசி வாரங்களில் அடிக்கடி படகுக்கு வருவார்கள். வானொலியில் காலைச் செய்தியின்போது புறப்படும் படகுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். பேரப்பிள்ளைகளின் ஈரத் துவாய்களும் தூண்டில்களும் மகள் வீட்டுக்குத் திரும்பிப் போகும். ஒரு சோடிச் செருப்பாவது படகிலேயே மறந்து கிடக்கும். அது நவம்பர் வரை அங்கேயே இருக்கும்.